எளிய மொழி என்று ஒன்று உண்டா?

மொழிகளுள் எளியது எது, தெளிவானது எது என்னும் வினா அறிஞர் அவைகளில் மட்டும் பிறப்பதன்று. பஸ் நிலையத்திலும் பாடசாலை ஆசிரியர் அறையிலும் கந்தோர் வாங்கிலும் நாள்தோறும் பிறப்பது அது. “சிங்களம் இலேசு, ஆறு மாதத்திற் பேசிவிடலாம். தமிழ்தான் நாக்கைச் சுழற்றும் மொழி” என்பார் ஒருவர். “தமிழில் உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்ந்து முப்பத்தோர் எழுத்துத்தான். சிங்களத்துக்கோ எழுத்து ஏராளம். ஆகவே தமிழே எளிது” என்பார் மற்றொருவர். முதல்வர் வினைச்சொல்லை மட்டும் பார்க்கிறார். மற்றவர் அரிச்சுவடியை மட்டும் பார்க்கிறார். யானையைத் தடவிய குருடர் கதை நாம் அறியாததன்று.

இந்த வழக்கை விசாரிப்பதற்கு மாத்தளை மாவட்டத்தினும் ஏற்ற களம் இலங்கையில் அரிது. மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக மலையேறி, றிவர்ஸ்டன் கணவாயின் காற்றைக் கடந்து, பிட்டவலப் பத்தனைப் புல்வெளியையும் இலுக்கும்புரவையும் தாண்டி இறங்கினால் லக்கல. 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு கூறாகிய நக்கிள்ஸ் மலைத்தொடர் இவ்வூர்களை மாத்தளையிலிருந்து பிரித்து நிற்கின்றது. மலைக்கு அப்பால் வயலும் சேனையும் செய்யும் சிங்கள உழவர். இப்பால் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலே தமிழர். இத்தமிழரின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் கால்நடையாகவே மாத்தளைக்கு வந்தவர்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவ்வழிப்பயணத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. போதாக்குறைக்கு, வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வரும் யாழ்ப்பாணத்தவரின் பேச்சும் இம்மாவட்டத்திற் கேட்கும். ஆக, இரண்டு மொழி என்று கணக்கெழுதினாலும் காதில் விழுவன அதற்கு மேல்.

முதலில் வினைச்சொல். சிங்களம் இலேசு என்பாரின் பெருங் கோட்டை இதுதான். பேச்சுச் சிங்களத்தில் ‘மம யனவா’ என்றால் நான் போகிறேன். ‘ஒயா யனவா’ என்றால் நீங்கள் போகிறீர்கள். ‘எயா யனவா’ என்றால் அவர் போகிறார். யார் போனாலும் ‘யனவா’ ஒன்றே. ஒருவரா பலரா, ஆணா பெண்ணா, தன்மையா படர்க்கையா என்ற கவலை அவ்வினைக்கு இல்லை. (சிங்கள ஒலிகளைத் தமிழெழுத்திலே தரும்போது அவை சற்றுச் சிதையும், வாசகர் பொறுத்தருள்க.) தமிழில் இதற்குப் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஒரு படையே வேண்டும். தமிழ் கற்கப் புகும் சிங்கள மாணவன் இவ்விடத்திலே பெருமூச்சு விடுவதில் வியப்பில்லை.

ஆனால், தமிழ் இந்தப் படையை வைத்துத் தீனி போடுவது வீணுக்கன்று. மருத்துவமனையில் ஒரு தாய் தன் பிள்ளையோடு நிற்கிறாள். வைத்தியர், ‘பெஹெத் பொனவாத?’ என்கிறார். மருந்து குடித்தல் நடைபெறுகிறதா என்பதுதான் அச்சொற்களிலுள்ள பொருள். குடிப்பது தாயா பிள்ளையா என்பதை வைத்தியரின் கண் போகும் திசையிலிருந்து அவள் அறிந்துகொள்ள வேண்டும். தமிழிலோ ‘மருந்து குடிக்கிறீங்களா?’, ‘மருந்து குடிக்குதா?’ என்று கேள்வியிலேயே ஆள் நிற்கிறார். எழுவாயை விட்டுவிட்டும் பேசலாம்; வினையின் விகுதி காவல் செய்யும். சிங்களத்தாரும் எழுவாயை விட்டுத்தான் பேசுகின்றனர். அவர்களுக்குச் சூழ்நிலை காவல் செய்யும். இலக்கணத்தில் மிச்சம் பிடித்ததைச் சூழ்நிலையிற் செலவிடுகின்றனர் எனலாம்.

இனி, ‘யனவா’ இலேசு என்று மகிழ்ந்தவர் அடுத்த படியிலேயே இடறுவார். ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்க விரும்பி, ‘ஒயா கொஹேத யனவா?’ என்று கோத்தால், கேட்ட சிங்களவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார். ‘ஒயா கொஹேத யன்னே?’ என்பதே வழக்கு. எங்கே, எப்போது, யார் என்னும் வினாச்சொல் வந்தால் வினை தன் உருவை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு சொல்லை அழுத்திச் சொல்லும்போதும் அப்படியே. ‘மம ஹெட்ட கமட்ட யனவா’ என்பது நாளை ஊருக்குப் போகிறேன் என்னும் வெறுஞ்செய்தி. ‘மம கமட்ட யன்னே ஹெட்ட’ என்றாலோ, நான் ஊருக்குப் போவது நாளைக்குத்தான் என்று நாளின்மேல் விரல் வைத்தாயிற்று. தமிழிலும் ‘போவது நாளைக்கு’ என்று சொல்லலாம். ஆயின் எங்கே என்ற கேள்விக்கெல்லாம் அவ்வடிவைத் தமிழ் கட்டாயமாக்குவதில்லை. ஆளைக் காட்ட மறுத்த சிங்கள வினை, அழுத்தத்தைக் காட்ட இவ்வளவு பாடுபடுகின்றது.

இன்னொன்றும் உண்டு. ‘மம அடனவா’ என்றால் நான் அழுகிறேன். ‘மட்ட எடெனவா’ என்றால் என் விருப்பம் கேளாமலே அழுகை என்னை மீறி வருகின்றது. வினையின் உயிரொலியை மாற்றி, எழுவாயை நான்காம் வேற்றுமைக்குத் தள்ளி, வேண்டிச் செய்தது வேறு, தானாய் நேர்ந்தது வேறு என்று சிங்களம் பிரித்துவிடுகின்றது. ஏறத்தாழ எல்லா வினையிலும் இந்த இரட்டை வழி உண்டு. நாம் ‘எனக்கு அழுகை வருகிறது’, ‘வாய் தவறிச் சொல்லிவிட்டேன்’ என்று வேறு சொற்களைத் துணைக்கழைத்துச் சமாளிக்கிறோம். சமாளிக்கிறோம் என்பதைக் கவனிக்க. கருத்து நம்மிடமும் உண்டு, அதற்கென்று நிலையான ஓர் அச்சு மட்டும் இல்லை. பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும் இடத்தில் இரு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன. ‘எயா கியாலு’ என்பது ‘அவர் போனாராம்’ என்பதேயாம். ஆங்கிலம் ஒரு தனி வாக்கியமே எழுப்பிச் சொல்ல வேண்டியதைச் சிங்களத்தின் ‘லு’வும் தமிழின் ‘ஆம்’உம் ஓரசையிற் சொல்லிவிடுகின்றன. வதந்தியைப் பரப்புவோனுக்கு இதனைவிடக் குறைந்த செலவில் பாதுகாப்புக் கிடைக்குமா?

ஒலிக்கு வருவோம். ‘கந்த’ என்று நாம் தமிழில் எழுதும் ஒரே உருவத்துக்குள் சிங்களத்தார்க்கு இரண்டு சொல் இருக்கின்றன. மூக்கொலியை முழுதாக நிறுத்திச் சொன்னால் மலை. அதனையே அரைப்பங்காக்கி, அடுத்த ஒலியோடு ஒட்டிச் சொன்னால் அடிமரம். இந்த அரை மூக்கொலி தமிழ்க் காதுக்குப் பிடிபடுவது எளிதன்று. பல ஆண்டு சிங்களவரிடையே வாழ்ந்தவரும் இங்கே பிடிபடுவர். நமது பக்கத்திலே லகரம், ளகரம், ழகரம் என்று மூன்று நிற்கின்றன. சிங்கள எழுத்திலே லகரமும் ளகரமும் தனித்தனி எழுதப்பட்டாலும் பேச்சிலே இரண்டும் ஒன்றாகிவிட்டன. ழகரம் அங்கே இல்லவே இல்லை. ஆனால் நாம் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. இலங்கைத் தமிழரிலே பெரும்பாலார் வாயில் ழகரம் ளகரமாகிப் பலகாலம் ஆயிற்று. வாழையும் வாளையும் சொல்லும்போது சூழ்நிலைதான் நம்மையும் காப்பாற்றுகின்றது.

தமிழுக்குள்ளேயே பாருங்கள். யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்பதை நுனியண்ணத்தில் நாவை ஒற்றி, அதற்குரிய ஒலியோடு சொல்வர். மலையகத்தார் ‘காத்து’ என்பர். யாழ்ப்பாணத்தாருக்குப் பற்று வேறு, பத்து வேறு. மலையகத்தில் இரண்டும் ஒன்று. ஆகவே யாழ்ப்பாணத் தமிழ் தெளிவு என்று முடிவு கட்டினால், ‘அவை போகினம்’ என்று அவர் சொல்லும்போது தோட்டத்துப் பிள்ளை விழிக்கின்றது. அதற்கு ‘அவங்க போறாங்க’தான் தமிழ். அந்த ‘அவங்க’ ஒரு பெரியவரா பல பேரா என்று யாழ்ப்பாணத்தவர் கேட்பார். அவருக்கு ‘அவர் போறார்’ வேறு, ‘அவை போகினம்’ வேறு. ஒவ்வொருவரும் மற்றவரின் தமிழிலே ஒரு பொந்தைக் காண்கின்றனர். தம் பொந்து தமக்குத் தெரிவதில்லை.

மொழியியலார் இதுபற்றி என்ன சொல்கின்றனர்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எல்லா மொழியின் மொத்தச் சிக்கலும் ஏறத்தாழச் சமமே என்னும் கொள்கை செல்வாக்குடன் விளங்கிற்று. சாள்ஸ் ஹொக்கெற் 1958இல் வெளியிட்ட பாடநூலில் அக்கருத்தைக் காணலாம்: சொல்லமைப்பில் எளிமை கண்டால் தொடரமைப்பிற் சிக்கல் காண்பாய் என்பது அதன் சாரம். காட்டுவாசிகளின் மொழி வளர்ச்சியற்றது என்று ஐரோப்பியர் பலர் எழுதிவந்த காலத்தின் பின்னர் இக்கொள்கை ஒரு நல்ல மருந்தாக வந்தது. ஆயினும் மருந்தாக வந்ததை அளந்து பார்த்தவர் அந்நாளில் இலர். எதைக் கொண்டு அளப்பது என்பதே தெளிவாயில்லை.

அளக்கத் தொடங்கியது இந்த நூற்றாண்டில். 2001இல் ஜோன் மக்வோட்டர், இரு மொழிகள் மோதிக் கலந்து அண்மையிற் பிறந்த கிரியோல் மொழிகளின் இலக்கணம் பழைய மொழிகளின் இலக்கணத்தினும் எளிது என்று வாதித்துப் பெரும் சர்ச்சையை எழுப்பினார். 2010இல் லுப்பியான், டேல் என்னும் இருவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளின் தரவுகளை ஒப்பிட்டு, பேசுவோர் தொகை பெருகப் பெருகச் சொல்லுருவ மாற்றங்கள் குறையும் போக்கைக் காட்டினர். அடுத்த ஆண்டு பீற்றர் ட்ரட்கில் தம் நூலிலே காரணத்தை விரித்தார். வளர்ந்தவர்கள் பலர் வந்து இரண்டாம் மொழியாகக் கற்கும் மொழி தன் கரடுமுரடுகளை இழக்கும்; ஒருவரையொருவர் நன்கறிந்த சிறுகூட்டம் மலைக்கும் காட்டுக்கும் உள்ளே பேசும் மொழி அவற்றைக் காக்கும், புதியனவற்றைச் சேர்க்கவும் செய்யும். குழந்தைக்கு எந்த இலக்கணமும் சுமையன்று. முப்பது வயதிலே கற்பவனுக்குத்தான் ஒவ்வொரு விகுதியும் ஒரு மூட்டை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. லக்கலவுக்குத் தென்கிழக்கே மகாவலிக்கு அப்பால், மகியங்கனையை அடுத்த தம்பானையிலே வேடர் வாழ்கின்றனர். அவர்களுடைய பேச்சை வில்ஹெல்ம் கைகர் முதலான அறிஞர் ஆராய்ந்துள்ளனர். பழைய வேடர்மொழியொன்று சிங்களத்தோடு கலந்து கிரியோலாக மாறியதே இன்றுள்ள வேடர்பேச்சு என்று கே. என். ஓ. தர்மதாச 1974இல் எழுதினார். அப்பேச்சிலே முன்னிலைக்குத் ‘தொப்பன்’ என்னும் ஒரு சொல்லே போதும். சிங்களத்திலோ எதிரிலிருப்பவரின் தரத்துக்கேற்ப ஒபதுமா, ஒயா, தமுசே, உம்ப, தோ என்று படிகள் இறங்கும். படி தவறினால் பகை வரும். யாழ்ப்பாணத்தாருக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி. வேடரின் முன்னிலை எல்லோருக்கும் ஒன்றே. இலக்கணம் எளிமையானது மட்டுமன்று, அதற்குள் ஒரு சமத்துவமும் அமைந்துவிட்டது. சில இலக்கணங்கள் சில இடங்களில் மற்றவற்றினும் எளியனவே. இதனை மறுப்பது மரியாதைக்காகப் பொய் சொல்வதாகும். ஆனால், எளிய முன்னிலையுடைய அதே வேடர் காட்டிலே விலங்கையும் தேனையும் தடத்தையும் குறிக்கத் தமக்கென்று தனிச்சொற்களும் சுற்றிவளைத்த பெயர்களும் வைத்திருந்தனர். அதிலே பயிலாத ஒரு பேராசிரியர் அங்கே ஊமைதான்.

தெளிவு என்பதற்கும் ஓர் அளவீடு வந்திருக்கிறது. 2019இல் கூப்பே, பெலெக்ரினோ முதலியோர் பதினேழு மொழிகளை, 170 பேரை வாசிக்கச் செய்து ஆராய்ந்தனர். தமிழும் சிங்களமும் அப்பட்டியலில் இல்லை என்பது நமக்கு வருத்தமே. ஜப்பானியர் ஒரு செக்கனில் எட்டு அசை அளவிற் கொட்டுகின்றனர். தாய்லாந்தினர் ஐந்துக்கும் குறைவாகவே சொல்கின்றனர். ஆனால் ஜப்பானிய அசை ஒவ்வொன்றும் இலேசானது. தாய் அசை கனத்தது. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று அறிவதை ஓர் அலகுச் செய்தி என்று கொண்டால், எம்மொழியாரும் சராசரியாகச் செக்கனுக்கு 39 அலகை ஒட்டியே அனுப்புகின்றனர் என்று அவ்வாராய்ச்சி கண்டது. சிறு கடகத்தில் வேகமாய்ச் சுமப்பவனும் பெரிய கடகத்தில் ஆறுதலாய்ச் சுமப்பவனும் மாலையிலே ஒரே அளவு மண்ணைக் கொட்டியிருப்பதைப் போன்றது இது. எதனால் அந்த அளவு? கேட்பவன் மூளை ஏற்கும் வேகம் எங்கும் ஒன்றாயிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஊகம் ஊகமாகவே இருக்கட்டும்.

இவ்வளவும், பேச்சு தெளிவுக்காகவே உண்டாயிற்று என்னும் எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டவை. உழவர் களத்துக்கு வந்தால் அந்த எண்ணமே ஆட்டம் காணும். கண்டிப் பிரதேசத்துச் சிங்கள உழவர் சூடுமிதிக்கும் களத்திலே அன்றாடப் பேச்சைப் பேசுவதில்லை. ‘கமத்’ என்னும் அக்களத்துக்கென்று தனிச்சொற்கள் உண்டு. வெளியே ‘வீ’ எனப்படும் நெல் களத்துக்குள் ‘பெத’ ஆகிவிடும்; மிதிக்கும் மாடு ‘அம்பருவா’ ஆகிவிடும். வீட்டிலே சொல்லும் சாதாரணச் சொல்லை அங்கே சொன்னால் விளைவு குன்றும், கண்ணுக்குத் தெரியாதவை வந்து நெல்லைக் கொண்டுபோகும் என்பது நம்பிக்கை. கேட்பவை விளங்கிக்கொள்ளாதிருக்கட்டும் என்பதற்காகவே படைத்த மொழி அது. தெளிவின்மையே அதன் தொழில். நம் மட்டக்களப்பு உழவரும் களவெட்டியில் நெல்லை நெல்லென்னாது ‘பொலி’ என்றே வாழ்த்திக் கூறுவர். இருமொழி உழவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றனரா, ஒரே அச்சம் இரு இடத்திலும் ஒரே வழியைக் காட்டியதா என்று ஆராய்வார்க்கு அங்கே நல்ல விளைநிலம் உண்டு.

விளைநிலம் என்றேன், அது சுருங்கி வருகின்றது. மாட்டின் இடத்தை உழவு இயந்திரமும், அதன் இடத்தை அறுத்து அடித்துத் தூற்றிக் கொடுக்கும் பெரும் இயந்திரமும் பிடித்துக்கொண்டன. களம் இல்லாத இடத்திலே களத்துமொழி எதைப் பற்றி நிற்கும்? லக்கலவிலே மற்றொன்றும் நேர்ந்தது. அம்பன் கங்கையிற் சேரும் களு கங்கையை மறித்து, மொறகஹகந்தத் திட்டத்தோடு இணைந்த நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய பல்லேகம நகரும் சூழவிருந்த வயல்களும் நீருக்கு இடங்கொடுத்தன. 2019இல் மேட்டிலே புதிய நகர் திறக்கப்பட்டது. (களுத்துறையிலே கடல் சேரும் களு கங்கை வேறு. ஒரே பெயரில் இரண்டு ஆறு. தெளிவைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடலாகாது.) வயல் மாறினால் புதிய வயல் கிடைக்கலாம். வயலின் ஒவ்வொரு மூலைக்கும் வாய்க்காலுக்கும் பாறைக்கும் வழங்கிய பெயர்கள் நீரின் அடியிலே யாருக்குப் பயன்படும்? மொழிகளின் எளிமை பற்றி அரங்குகளில் வாதிடுவோரில் ஒருவரேனும் ஒலிப்பதிவுக் கருவியொன்றோடு லக்கல முதியோரிடம் போயிருப்பாராயின், வாதத்தினும் அது பயன்தரும்.

இனி, உண்மையில் மக்களைத் துன்புறுத்தும் கடினம் எங்கே இருக்கின்றது என்று பார்ப்போம். அது இரு மொழிக்கும் இடையிலன்று, ஒவ்வொரு மொழியின் வாய்க்கும் தாளுக்கும் இடையிலே இருக்கின்றது. ‘யனவா’ ஒன்றே போதும் என்று மேலே சொன்னோமல்லவா? சிங்கள எழுத்துவழக்கைத் திறந்தால் அங்கே ‘மம யமி’, ‘அபி யமு’, ‘ஒஹு யயி’, ‘ஒவுஹு யதி’ என்று, தமிழிலே கண்ட அதே படை அணிவகுத்து நிற்கும். பேச்சு எறிந்துவிட்ட சுமையை எழுத்து இன்றும் சுமக்கின்றது. லக்கல உழவர் ஒருவர் பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கும்போது தம் தாய்மொழியையே இன்னொரு மொழிபோலப் படிக்கின்றார். அதே நாளிலே இரத்தோட்டைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் ‘மேற்குறித்த விடயம் தொடர்பாக இத்தால் அறியத்தரப்படுகின்றது’ என்னும் தமிழை வைத்துக்கொண்டு, படித்த பிள்ளை யாரேனும் லயத்துக்கு வரும்வரை காத்திருக்கிறார். பெரட்டுக் களத்திலும் கவ்வாத்து மலையிலும் அவர் பேசும் தமிழில் ஓர் ஐயப்பாடும் இல்லை. அவ்வேலைக்கு அதனினும் தெளிவான மொழி உலகில் வேறெதுவும் இராது. தாளுக்கு வந்ததும் அவர் கல்லாதவராகிவிடுகிறார்.

தூய்மை வந்தால் தெளிவு வரும் என்று நம்பியவர்களும் இரு பக்கத்திலும் இருந்தனர். தமிழிலே மறைமலையடிகள் 1916 முதல் வடசொல் களைந்தார். சிங்களத்திலே முனிதாச குமாரதுங்க, 1941இல் தோன்றிய ஹெல ஹவுல இயக்கத்தின் வாயிலாக, வடசொல்லும் பாளிச்சொல்லும் நீக்கிய ‘ஹெல’ மொழியை வளர்த்தார். இரு முயற்சியும் மொழிக்குப் புதிய சொல்லாக்க வலுவைத் தந்தன என்பதை மறுப்பாரில்லை. ஆனால் உழவரின் கடிதம் அதனால் எளிதாகவில்லை. தூய சொல்லும் அவர் வாயில் இல்லாத சொல்லே.

இது வெறும் இலக்கண ஆராய்ச்சியோடு நிற்கும் காரியமன்று. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டதும், 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானதும், அவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே நாடு பட்டதும் வாசகர் அறிவர். 2007இல் வந்த அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கையொன்று, புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்தாண்டுக்குள் மற்ற அரசகரும மொழியிலே தேர்ச்சி பெறவேண்டும் என்றது. பாடசாலைகளில் இரண்டாம் தேசிய மொழி ஒரு பாடமாயிற்று. நல்லனவே. ஆயின் வகுப்பிலே எந்தச் சிங்களம், எந்தத் தமிழ்? ‘மம யமி’ என்று மனனஞ் செய்த தமிழ்ப் பிள்ளை பஸ்ஸிலே ‘மம யமி’ என்றால் நடத்துநர் என்ன எண்ணுவார்? ‘நான் போகின்றேன்’ என்று கற்ற சிங்கள உத்தியோகத்தர், ‘போய்ட்டு வாறேன்’ என்னும் தொழிலாளியின் சொல்லை எப்படிப் பிடிப்பார்? பரீட்சையில் இருவரும் சித்தியடைவர். எதிரெதிரே நின்றால் இருவரும் மௌனம். பின்னர் ஒருவர் சிங்களம் கடினம் என்பார், மற்றவர் தமிழ் கடினம் என்பார். பேச்சைத் தனியே, முதலிலே கற்பிக்க வேண்டும் என்பதை நம்மவர் அறியாமலில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை நாடகத்திலே துணிந்து எழுதிய பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஓலிகளை ஆராய்ந்த மொழியியலாளருமாவார். பேச்சு வழக்கைக் கற்பிக்கச் சுசீந்திரராசா, ஜேம்ஸ் கெயர், கருணாதிலக ஆகியோர் 1978இலேயே நூல் செய்து தந்தனர். நூல் இருந்தும், பரீட்சை எழுத்தையே கேட்பதால் வகுப்பு எழுத்தையே கொடுக்கின்றது.

மாத்தளை ஆசிரியர் ஒருவர் முதல் நாட் பாடத்தை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், சுட்டுச்சொல்லிலே தொடங்கலாம் என்பேன். சிங்களத்தில் அவை நான்கு. பேசுவோன் அருகிலிருப்பது ‘மே’. கேட்போன் அருகிலிருப்பது ‘ஒய’. இருவருக்கும் தொலைவாய், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது ‘அர’. கண்ணுக்குத் தெரியாது, முன்பு பேசப்பட்டது ‘ஏ’. தமிழிலே தொல்காப்பியர் அ, இ, உ என்று மூன்று சுட்டுக் கூறினார். தமிழகத்திலும் மலையகத்திலும் நடு உகரம் வழக்கொழிந்து இது, அது என்னும் இரண்டே எஞ்சின. யாழ்ப்பாணத்திலோ ‘உது என்ன?’ என்று உங்கள் கையிலுள்ளதைக் காட்டிக் கேட்கும் வழக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. அந்த ‘உது’ உள்ள பிள்ளைக்குச் சிங்களத்து ‘ஒய’ ஒரு நிமிட வேலை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு புத்தகத்தை அவன் கையிலும், ஒன்றை ஆசிரியர் கையிலும், ஒன்றைச் சன்னலுக்கு வெளியே மதில்மேலும் வைத்துக் காட்ட வேண்டும். நான்காவதை வீட்டிலே மறந்துவிட்டு வந்த பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும்.